பிளக் வயர் இடது பக்கம்

அக்டோபர் 6, திங்கள்

காலையில் நல்ல வெயில். மூன்று மணிக்கு மேல் இடி, துலா மழை, ஐப்பசி பிறப்பதற்கு முன்பே. ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு வேலை.

இன்று வந்தவை: ஒரு ஸ்கூட்டர், ஹாரன் அடிக்கவில்லை. ஒரு காயில், செப்புக் கம்பிச் சுருள், எரிந்தது, புதிதாகச் சுற்ற வேண்டும். அவ்வளவுதான். போன திங்கள் இதே நேரம் வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை.

காரணம் பிஜு. இனி இந்த நோட்டில் அவன் பெயரை முழுதாக எழுத மாட்டேன். பி. போதும். அதற்கு மேல் அவனுக்காக மை செலவழிக்க மனமில்லை.

நடந்ததை ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். கோபத்தில் ஏதாவது விட்டுப்போகக் கூடாது. சுனில், பாலராமபுரத்தில் கைத்தறிக் கடையில் நிற்கிறவன். அவனுடைய பழைய டூ-ஸ்ட்ரோக் பைக். எலி கடித்து வயர் முழுக்கக் குதறிக் கிடந்தது. நவராத்திரிப் பூஜை வைப்புக்கு முன்னால் என்னிடம் கொண்டுவந்தான். எல்லாம் புதிதாகக் கட்டிக் கொடுத்தேன். பாறசாலை வரை நானே ஓட்டிப் பார்த்தேன். பூப்போல ஓடியது. விஜயதசமியில் பூஜை எடுத்த மறுநாள் அமரவிளைப் பாலத்தில் ஒரு லாரியை முந்தும்போது என்ஜின் கட். பின்னால் பஸ், நல்லவேளை பிரேக் பிடித்தது. வண்டியோடு ஓரத்தில் போய் விழுந்தான். தோள் எலும்பு முறிவு. காரக்கோணம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உயிர் உண்டு. அதற்கு ஸ்தோத்திரம்.

விழுந்த வண்டியை பி. தன் ஷெட்டுக்கு எடுத்துப் போனான். அவன் ஷெட் என் கடைக்கு அடுத்தது, நடுவில் ஒரே சுவர். அவன் மெக்கானிக் வேலை, நான் கரண்ட் வேலை. டேங்கைக் கழற்றிப் பார்த்தானாம். பிளக் வயரையும் பிக்கப் வயரையும் நான் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி வைத்திருந்தேனாம். போட்டோ பிடித்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். கீழே ஒரு வரி: "படிச்சவங்களிட்ட வேலைக்குக் குடுங்க. உயிரு ஒண்ணே உள்ளு."

சனிக்கிழமை சுனிலின் பெண்டாட்டி ஸ்ரீஜா என் கடை வாசலில் நின்று கத்தினாள். "எனக்க தாலிய அறுக்கப் பாத்தியே! வயரு கெட்டின அந்தக் கை வெளங்குமா? நீ நல்லா இருப்பியா?" ரோடு முழுக்க ஆள். நான் சால்டரிங் இரும்பைக் கையில் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். எட்டு ஊருக்குக் கேட்கிற வாய் எனக்கு. அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பி. வந்து சமாதானம் செய்தான். "விடு ஸ்ரீஜா. அக்கா தெரியாம செய்ததாக்கும்."

தெரியாமலாம்! பதினெட்டு வயதில் காயில் சுற்றத் தொடங்கிய கை இது.

அவனுக்கு என் கடை வேண்டும். சுவரை இடித்து ஸ்பேர் பார்ட்ஸ் கடை போடக் கட்டிட உடமஸ்தரிடம் ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கிறான். இது எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

விட மாட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். ஹாரன் வேலை முடிந்தது. புதிதாக ஒரு வண்டியும் வரவில்லை.

நேற்று இரவு ஜெபத்தில் பி.க்காகவும் வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டினேன் என்று எழுத மாட்டேன்.

என் கணவர் ஜஸ்டின் ஆட்டோவை ஓரம்கட்டிவிட்டு மதியம் சாப்பிட வந்தார். அவருக்கு விளக்கிச் சொன்னேன். உண்மையில் எனக்கே ஒரு தடவை சொல்லிக்கொள்ளவேண்டியிருந்தது. பிக்கப் வயர் மெல்லியது. 'இப்போ பொறி வேணும்' என்று என்ஜின் கேட்பதைக் கொண்டுபோவது அதுதான். ரொம்பச் சின்னக் கரண்ட். பிளக் வயர் தடியானது, பல ஆயிரம் வோல்ட் ஓடும். ஒன்று காதில் சொல்கிற ஆள், மற்றது மைக் வைத்துக் கத்துகிற ஆள். இரண்டையும் ஒட்ட வைத்தால் கத்துகிறவனின் சத்தம் மற்றவனுக்குள் ஏறிவிடும். மெதுவாகப் போகும்போது தெரியாது. முறுக்கினால் கேட்காத நேரத்தில் பொறி விழும், கேட்ட நேரத்தில் விழாது. என்ஜின் கட். அதனால் என் கடையில் எந்த வண்டியானாலும் பிளக் வயர் இடது பக்கம், பிக்கப் வயர் சட்டத்துக்கு மறுபுறம், வலது. எங்கேயாவது சந்தித்தே ஆகவேண்டும் என்றால் சிலுவைபோலக் குறுக்கே தாண்டலாம். கூடவே ஓடக் கூடாது.

"செரி. எனக்கு மனசிலாச்சு. ஊருக்கு மனசிலாவுமா மக்கா?" என்றார். "விட்டுரு."

"நிங்க விடுங்க. நான் விடமாட்டேன்."

சாயந்திரம் பழம்பொரி வாங்கிக்கொண்டு வந்தார். தின்றேன். கோபம் போகவில்லை. நல்ல பழம்பொரி.

பி.யின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு வயரையும் சேர்த்து இறுக்கியிருப்பது வெள்ளை பிளாஸ்டிக் டை. கர்த்தாவே! நான் பிளாஸ்டிக் டை போடுகிறவளே இல்லை. என்ஜின் சூட்டில் அது காய்ந்து ஒடியும். நான் பருத்தி நூலால் கட்டி மேலே வார்னிஷ் தடவுவேன். காயில் சுற்றிய காலத்துப் பழக்கம். அந்த நூலே பாலராமபுரத்துத் தறியில் மிச்சம் விழுவது, சுனில்தான் ஒரு பொட்டலம் கொண்டு தந்தான்.

அப்போது பிளாஸ்டிக் போட்டது யார்? பி. தானே கட்டி, தானே போட்டோ பிடித்திருக்கிறான். ஆனால் ஒன்று இடிக்கிறது. அவன் கட்டியது வண்டி விழுந்த பிறகு. வண்டி எதற்கு விழுந்தது?

போட்டோவில் டைக்குக் கீழே, வயரில் என் வார்னிஷ் பட்ட இடத்தில், கறுப்பாக என்னவோ ஒட்டியிருக்கிறது. அழுக்கோ, ஆயிலோ. தெரியவில்லை. நேரில் பார்க்க வேண்டும். வண்டி அவன் ஷெட்டில்.

பி.யின் ஷெட்டுக்குப் போகும் மெயின் லைன் என் சுவர் வழியாகத்தான். ஒரு ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். (செய்ய மாட்டேன். நினைத்துப் பார்ப்பதற்கு யார் தடுக்க?)

அக்டோபர் 8, புதன்

காலையிலேயே மேகம். ஆனால் இன்று நல்ல நாள். மிக நல்ல நாள்.

வரும் ஞாயிறு எங்கள் சபையில் அசனம். ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். வழக்கமாக ஜீப்பில் மைக் கட்டி அறிவித்துப் போவார்கள். இந்தத் தடவை பி. முந்திக்கொண்டு, இடைவழியெல்லாம் ஜீப் போகாது, என் பைக்கில் கட்டுகிறேன் என்று சபையில் சொல்லி வேலையைப் பிடித்திருக்கிறான். பின்சீட்டில் ஆம்ப்ளிஃபயர் பெட்டி, மேலே புனல் மாதிரி இரண்டு கோளாம்பி ஸ்பீக்கர், நெஞ்சில் மைக். சின்ன ராஜா மாதிரி பத்து மணிக்குப் புறப்பட்டான்.

வளைவு திரும்பும்போதே கேட்டது. டர்ர்ர்ர்ர்ர். வண்டியை முறுக்க முறுக்க ஸ்பீக்கரில் டர்ர்ர்ர். நடுவில் எங்கேயோ "அன்பானவர்களே" என்று ஒரு சொல். மறுபடியும் டர்ர்ர்ர்.

எதிர்க் கடை சாயா போடும் அண்ணாச்சி வெளியே வந்து பார்த்தார். "என்னத்த சொல்லுதான் இவன்? அசனமா, சாவா?"

"மாவு மில்லு தெறந்திருக்கான் போல" என்றார் பெஞ்சில் இருந்த ஒருத்தர்.

நான் ஸ்டூலை வாசலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டேன். என்ன குற்றம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மைக் வயரைப் பிளக் வயரோடு ஒட்டி, அழகாக இருக்கட்டும் என்று ஒரே கட்டாகக் கட்டியிருப்பான், பிளாஸ்டிக் டை போட்டு. பிளக் கேப் ஐந்து பைசா பெறாத சாதா கேப். அவன் எதையும் அழகுக்குத்தான் செய்வான்.

பெருங்கடவிளைப் பக்கம் போய்த் திரும்பும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது. மழை வந்து அவனை நிறுத்தியது. மழைமீது எனக்குக் கோபம்.

ஜஸ்டினிடம் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு, "பாவம், சபைக்குள்ள காரியமாக்கும்" என்றார். இந்த மனுஷனோடு ஒரு பகையைக்கூட முழுசாக அனுபவிக்க முடியாது.

அக்டோபர் 9, வியாழன்

வெயில். பி. வந்தான். வருவான் என்று தெரியும். தலையைக் கோதிக்கொண்டே கவுண்டரில் சாய்ந்து நின்றான்.

"அக்கா, ஒரு உபகாரம் வேணும்."

"படிச்சவங்களிட்ட குடு."

சிரித்தான். "அது குரூப்பில சும்மா போட்டதாக்கும். மனசுல வெச்சுக்காதீங்க. போதகர் ஐயா காலையில விளிச்சு சத்தம் போட்டாரு. நாளைக்காவது ஒழுங்கா கேக்கணுமாம்."

"சுனிலுக்க வண்டிய இங்க தள்ளிக்கிட்டு வா. பெறவு பாக்கலாம்."

முகம் கொஞ்சம் மாறியது. "அது எதுக்கு?"

"எனக்க வேலைன்னுதானே ஊரு முழுக்கச் சொன்னே? எனக்க வேலைய நானும் பாக்கணும்."

யோசித்தான். போட்டோ எடுத்தாகிவிட்டது, ஊர் நம்பியாகிவிட்டது, இனி இவள் என்ன கிழித்துவிடப் போகிறாள் என்று கணக்குப் போட்டிருப்பான். "சாரமில்லக்கா, அதுக்கென்ன, கொண்டு வாறேன்."

தள்ளிக்கொண்டு வந்தான். நெளிந்த ஹேண்டில், உடைந்த லைட், டேங்கில் ஒரு குழி. பார்க்கவே பாவமாக இருந்தது.

சொன்ன சொல்லுக்கு அவன் வேலையைச் செய்தேன். ஆனால் உடனே அல்ல. "எரிஞ்ச காயில் ஒண்ணு சுத்தணும், நில்லு" என்று நிற்க வைத்தேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்கும்படி வாசலில். பிறகு என் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைக் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். எனக்கு அதுதான் மோப்பநாய். ஸ்டேஷன் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, வண்டியை ஸ்டார்ட் செய்து, வயர் வழியே நகர்த்திக்கொண்டு போனால் எங்கே பொறியின் சத்தம் கசிகிறதோ அங்கே ரேடியோ பொரியும். பி. குனிந்து பிடித்தான். "இன்னும் கீழ." குனிந்தான். "இன்னும்." முழங்கால் போட்டான்.

சாயாக்கடை அண்ணாச்சி கேட்டார்: "எந்தா பிஜு, படிக்க வந்தியா?"

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்றேன் பி.யிடம்.

மைக் வயரை வலது பக்கம் மாற்றினேன். ஆம்ப்ளிஃபயருக்கு பேட்டரியிலிருந்து நேராக வேறு லைன். எர்த் என்ஜினிலேயே. பிளக்குக்கு இரைச்சலை அடக்கும் ரெசிஸ்டர் கேப். ஸ்டார்ட் செய்து மைக்கில் ஊதிப் பார்த்தான். குரல் கண்ணாடி மாதிரி இருந்தது. நன்றி சொல்லாமல் போனான்.

அக்டோபர் 10, வெள்ளி

மழை தொடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும்.

காலையில் சுனில் வண்டியின் சீட்டையும் டேங்கையும் கழற்றினேன். வெள்ளை டையை வெட்டி எறிந்தேன். கீழே என் பருத்தி நூல் கட்டு இரண்டு பக்கமும் அப்படியே உண்டு, வார்னிஷ் பளபளப்பு போகாமல். வயர்கள் நான் போட்ட இடத்தில் இல்லை. நடுவில் யாரோ இழுத்துச் சேர்த்திருக்கிறார்கள். அந்த இடத்தில் சட்டத்துக் குழாயில் ஒரு சந்தனப் பொட்டு. வயரில், என் வார்னிஷில் ஒட்டிக்கொண்டு ஒரு கறுப்பு நூல் துண்டு, ஒரு முடிச்சோடு. பிளேடால் அறுத்த முனை.

சட்டென்று விளங்கவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு விளங்கியது. பூஜை! வண்டியைக் கழுவிப் பூஜைக்கு வைத்து, எடுக்கிற அன்று கண்ணேறு படாமல் இருக்கக் கறுப்புக் கயிறு ஜெபித்துக் கட்டியிருக்கிறார்கள். எல்லோரும் ஹேண்டிலில் கட்டுவார்கள். மழையில் நனைந்து போகாமல் இருக்கட்டும் என்றோ, யாரும் அவிழ்த்துவிடக் கூடாது என்றோ, டேங்குக்கு அடியில் சட்டத்தைச் சுற்றி, கைக்கு அகப்பட்ட இரண்டு வயரையும் சேர்த்து இறுக்கிவிட்டார்கள். மறுநாள் அமரவிளைப் பாலத்தில் முறுக்கினான். கட்.

யார் கட்டியிருப்பார்கள்? சுனிலுக்குச் சாமி கும்பிடவே சோம்பல். ஸ்ரீஜா. அவளுடைய கை.

"அந்தக் கை வெளங்குமா" என்று என்னைக் கேட்டாளே, அந்தக் கை!

சிரித்தேன். சத்தமாக, தனியாக, கடையில் நின்று.

சோதித்தும் பார்த்தேன். ஜஸ்டினின் ஆட்டோவில் கிடந்த கயிற்றால் இரண்டு வயரையும் அதேபோல் சேர்த்துக் கட்டி முறுக்கினால், கொஞ்சம் ஏறி, திக்கி, கட். அவிழ்த்தால் சுத்தமாக ஓடுகிறது. திரும்பத் திரும்பச் செய்தேன். இனிமேல் என்னை யாரும் அசைக்க முடியாது.

பி. டேங்கைக் கழற்றியதும் கயிற்றைப் பார்த்திருக்கிறான். பார்த்ததும் விஷயம் தெரிந்திருக்கிறது, மெக்கானிக் அல்லவா. கயிற்றை அறுத்து எறிந்து, பிளாஸ்டிக் டை போட்டு, போட்டோ எடுத்து, என் தலையில் கட்டிவிட்டான். நாசமாய்ப் போகிறவன்.

நாளை அவள் வீட்டுக்குப் போவேன். கறுப்பு நூல் துண்டை அவள் முன்னால் வைப்பேன். ஒன்றும் கத்த மாட்டேன். நிதானமாகச் சொல்வேன். அதுதான் அதிகமாக வலிக்கும். பிறகு பி.

என்ன புடவை உடுத்தலாம் என்றுகூட யோசித்தாகிவிட்டது.

அக்டோபர் 11, சனி

நீலப் புடவை. குடை. நூல் துண்டு பர்ஸில்.

சுனில் முன்னறையில் தனியாக இருந்தான், தோளில் கட்டோடு. ஸ்ரீஜா பின்னால் துணி துவைக்கிற சத்தம். நான் பர்ஸைத் திறக்கிறதற்கு முன்னால் அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்காவுக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்லியா?" என்றான்.

எதிரே இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

அவனுக்குத் தெரியும்! போட்டோவில் பிளாஸ்டிக்கைப் பார்த்த உடனேயே இது அக்கா வேலை இல்லை என்று தெரிந்திருக்கிறது. நூல் கொண்டு தந்தவனே அவன்தானே. பி.யைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறான். கயிற்றைப் பற்றி பி. சொல்லியிருக்கிறான். சொல்லிவிட்டு, "ஸ்ரீஜாவுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டா, அக்காவுக்க தலையிலயே இருக்கட்டு" என்று புத்தியும் சொல்லியிருக்கிறான். எவ்வளவு இரக்கம் பாருங்கள்.

"அப்போ எனக்க கை வெளங்காமப் போலாம்," என்றேன். "எனக்க கடை போலாம். அப்படித்தானே?"

"சத்தம் போடாதீங்கக்கா." அவன் கண் பின்பக்கமே இருந்தது. "மொதல்ல உண்டான பிள்ள தங்காமப் போச்சுல்லா. அவ ஒரு நேர்ச்சைய மறந்துட்டாளாம், அதினாலதான்னு சொல்லிச் சொல்லி, சோறு தின்னல்ல, உறங்கல்ல. ஆசுபத்திரியில கொண்டு கெடத்தவேண்டி வந்துது. இப்போதான் கொஞ்சம் தெளிஞ்சிருக்கா. இதும் அவ செய்ததுதான்னு தெரிஞ்சா... நிங்க மட்டும் சொல்லிராதீங்க. நான் காலு பிடிக்குதேன்."

வெறுக்கிறதற்கு வசதியாக அவன் கெட்டவனாகவும் இல்லை. அது இன்னும் எரிச்சல்.

அதற்குள் ஸ்ரீஜா வந்துவிட்டாள், ஈரக் கையோடு. "இங்க எதுக்கு வந்தே? செத்தானா இல்லியான்னு பாக்கவா?" சுனிலின் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள், அதில் ஒரு கறுப்புக் கயிறு. "நீ கெட்டின வயரு தள்ளிவிட்டது. நான் கெட்டின கயிறாக்கும் பிடிச்சு நிறுத்தினது. வண்டியிலயும் கெட்டியிருந்தேன். அதினால உயிரு கிட்டிச்சு. போ இங்கிருந்து!"

பர்ஸ் என் மடியில். உள்ளே அந்த நூல். திறந்தால் போதும்.

திறக்கவில்லை. சுனிலைப் பார்த்து, "எனக்க வாயால சொல்லமாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். அவள் என்ன என்று விளங்காமல் இரண்டு பேரையும் பார்த்தாள்.

வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். நீலப் புடவையில் சேறு.

அக்டோபர் 12, ஞாயிறு

அசனம். நல்ல கூட்டம். சோறு, பருப்பு, சாம்பார், அவியல். பந்தியில் நான் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவள் இலையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள். அவள் ஸ்கூட்டருக்கு ஹாரன் போட்டுக் கொடுத்தவள் நான்.

சாம்பார் வாளியோடு வந்தது யார்? பி. வெள்ளைச் சட்டை, இடுப்பில் துண்டு. "அக்கா, நல்லா சாப்பிடுங்க" என்று எனக்கு மட்டும் இரண்டு கரண்டி ஊற்றினான். தின்ன முடியவில்லை. இலையை மடித்துவிட்டேன்.

கடைசியில் போதகர் மைக்கில் நன்றி சொன்னார். பந்தல் போட்டவர், விறகு தந்தவர், காய்கறி வெட்டியவர்கள். பிறகு, "இடைவழிகளிலெல்லாம் மைக் தெளிவாகக் கேட்கும்படி ஏற்பாடு செய்த தம்பி பிஜுவுக்கு" என்றார். கைதட்டல். நானும் பக்கத்தில் எல்லோரும் தட்டுகிறார்களே என்று தட்டிவிட்டேன். என் கையை வெட்ட வேண்டும்.

வெளியே வந்தபோது கட்டிட உடமஸ்தர் கூப்பிட்டார். ரொம்ப மரியாதையாகப் பேசினார். "மாசக் கடைசியோட ஒரு முடிவு சொல்லணும் கேட்டியா. பிஜு நெருக்குதான். உனக்கும் இப்போ வேலை கொறவுதானே?"

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி அழுதேன். ஜஸ்டின் வாசலில் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை விட்டுரு என்று சொல்லவில்லை.

ஒரே ஒரு வாக்கு. அதை வைத்துக்கொண்டு நான் இந்த ஊரில் பைத்தியக்காரி மாதிரி அலைகிறேன்.

அக்டோபர் 13, திங்கள்

இடி மட்டும், மழை இல்லை. வண்டி ஒன்றும் வரவில்லை. சுனில் போனில் மெதுவாகப் பேசினான்: வண்டியை நானே சரிசெய்ய வேண்டும், நாளை அவன் தம்பி வந்து எடுத்துக்கொள்வான். "அக்காவுக்க கையிலதான் எனக்கு நம்பிக்கை" என்றான். நம்பிக்கையை ரகசியமாக வைத்திருக்கிறான்.

வயர் முழுக்க மறுபடியும் கட்டினேன். இடது, வலது. பிக்கப் வயரின் இரண்டு இழையையும் ஒன்றோடொன்று முறுக்கி விட்டேன், இன்னும் பத்திரமாக இருக்கட்டும். கோபத்தில் கட்டினாலும் என் கட்டு கோணாது.

அக்டோபர் 14, செவ்வாய்

வெயில். ஸ்ரீஜா வந்தாள்.

முதலில் பி.யின் ஷெட்டுக்குத்தான் போனாள், வண்டி அங்கே இருக்கும் என்று நினைத்து. அவன் பார்ட்ஸ் வாங்க நெய்யாற்றின்கரை போயிருந்தான். திரும்பும்போது என் கடைக்குள் வண்டியைப் பார்த்துவிட்டாள். டேங்க் இன்னும் மாட்டவில்லை.

"இது எதுக்கு இங்க நிக்குது?"

"உனக்க மாப்பிள சொல்லித்தான். வேலை முடிஞ்சாச்சு. டேங்கு மாட்டினா கொண்டு போலாம்."

"அவருக்கு புத்தி இல்ல" என்றாள். கையில் இலைப் பொட்டலம். பிரித்தாள். புதுக் கறுப்புக் கயிறு, சந்தனம். "நிங்க தொடாதீங்க. நான் கெட்டிட்டுப் போறேன்."

நேராகக் குனிந்து, டேங்க் உட்காரும் இடத்தில், சட்டத்தைச் சுற்றிக் கயிற்றை விட்டாள். இடது பக்கத்து வயர் உள்ளே, வலது பக்கத்து வயரும் உள்ளே. உதடு அசைய முடிச்சுப் போட்டு இழுத்தாள். இரண்டு வயரும் வந்து ஒட்டிக்கொண்டன.

"ஹேண்டில்ல கெட்டு ஸ்ரீஜா."

"நிங்க சொல்லி நான் கெட்டணுமா? அன்னைக்கும் இங்கதான் கெட்டினேன். அதினாலயாக்கும் அவரு இருக்காரு."

எத்தனை நாள் ஆசைப்பட்ட நேரம்! அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். ஆனால் என் கண் அந்த முடிச்சிலேயே இருந்தது. அவள் போன பிறகு அவிழ்த்துவிடலாம். அடுத்த வாரம் வீட்டில் வைத்து மறுபடியும் கட்டுவாள். சுனில் தோள் சரியாகி அமரவிளைப் பாலம் ஏறுவான். பின்னால் மறுபடியும் ஒரு பஸ் வரும். அந்த பஸ்ஸும் பிரேக் பிடிக்கும் என்று யார் சொன்னது?

என் வாயால் சொல்ல மாட்டேன் என்றுதானே சொன்னேன்.

ரேடியோவைப் போட்டு வயர் பக்கத்தில் வைத்தேன். கார்புரேட்டரில் மிச்சமிருந்த பெட்ரோல் போதும். கிக்கரை மிதித்தேன், முறுக்கினேன். ரேடியோ கடலை வறுக்கிற மாதிரி பொரிந்தது. என்ஜின் ஏறி, திக்கி, செத்தது. ஸ்ரீஜா நிமிர்ந்து பார்த்தாள். அவள் கயிற்றை நான் அறுக்கவில்லை, அவிழ்த்தேன். வயர்கள் தங்கள் இடத்துக்குப் போயின. மறுபடியும் மிதித்தேன். முறுக்கினேன். ஒரே சீராக, கடை அதிர ஓடியது. நிறுத்தினேன். கயிற்றை அவள் கையில் கொடுத்தேன்.

அவள் தானே மறுபடியும் கட்டினாள். என்னை மிதிக்கச் சொன்னாள். செத்தது. தானே அவிழ்த்தாள். ஓடியது.

டூல் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. நெஞ்சு நிறையச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

"இந்த எடத்துல வயரு உண்டுன்னு உனக்கு எப்படித் தெரியும் பிள்ள? எனக்கே அது படிக்க வருஷம் ஆச்சு."

தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டாள்: "அவருக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும். உனக்காக வேண்டியாக்கும் மறைச்சது."

"பிஜு அண்ணனுக்கு?"

பொய் சொல்ல நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. "உனக்க கயித்த அறுத்து, பிளாஸ்டிக்கு போட்டு, போட்டோ பிடிச்சதே அவனாக்கும்." பர்ஸிலிருந்து அந்த நூல் துண்டை எடுத்து வைத்தேன். அறுத்த முனையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஜெபிச்ச கயிறு," என்றாள். "அத அறுத்தானா?"

அப்போது வெளியே பி.யின் பைக் வந்து நிற்கிற சத்தம். ஸ்ரீஜா எழுந்தாள். புதுக் கயிற்றை ஹேண்டிலில் கட்டினாள், நான் சொன்ன இடத்தில், மூன்று முடிச்சு. சேலையை இடுப்பில் செருகினாள். பழைய துண்டைக் கைக்குள் மடக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். வீட்டுப் பக்கம் அல்ல.

"வா ஸ்ரீஜா, என்ன விசேஷம்?" என்று பி. கேட்பது சுவர் வழியே கேட்டது. பிறகு அவள் குரல். போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை என் வாசலில் கேட்ட அதே குரல், அதைவிடப் பெரிதாக. சாயாக்கடை அண்ணாச்சி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டினார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள். எங்கிருந்து வந்ததோ, கட்டிட உடமஸ்தரின் ஸ்கூட்டரும் ஓரத்தில் நின்றது.

என் ரேடியோ இன்னும் இரைந்துகொண்டிருந்தது. எட்டி அணைத்தேன். ஒரு சொல்கூட விட்டுப்போகக் கூடாது.